முனீப் வாங்காத டெக்

முனீப் ஒரு சாமானை வாங்க நினைத்தால், முதலில் அந்தச் சாமானைக் கேவலமாகப் பேசப் பழகிக்கொள்வார். மின்விசிறியோ மண்வெட்டியோ, எதுவானாலும் சரி. கடையில் கிடைப்பதெல்லாம் குப்பை, விற்கிறவனெல்லாம் கள்ளன், வாங்குகிறவனெல்லாம் மடையன் என்ற இடத்துக்குச் சில கிழமைகளில் வந்து சேர்ந்துவிடுவார். வந்து சேர்ந்ததும் மனம் ஆறிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாமான் அவருக்குத் தேவைப்படாது. மனைவி நஸ்ரியாவுக்குத் தேவைப்பட்டால் அவள் போய் முதல் கடையில் கண்டதை வாங்கி வருவாள். அவள் வாங்கி வந்ததில் என்னென்ன பிழை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவது முனீபின் பங்கு.

குறிஞ்சாக்கேணியில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர். மடிப்புக் கலையாத சேட், நெஞ்சுப் பையில் பேனை, மூக்கின் நுனியில் கண்ணாடி. பார்த்தால் ஏதோ கந்தோரில் பெரிய வேலை என்று தோன்றும். வேலை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்ததெல்லாம் இளவயதில் கட்டாருக்குப் போய் வந்ததும், பிறகு பஸ் தரிப்பிடத்தடியில் ஒரு கொமினிகேசன் கடையைத் திறந்து மூடியதும்தான்.

அந்த நாளில் கட்டார் போய் வந்தவர்கள் டீவியும் டெக்கும் கம்பளியும் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். டெக் என்றால் வீடியோ கசட் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி. அது உள்ள வீட்டு வாசலில் பின்னேரமானால் செருப்புக் கழற்ற இடமிருக்காது. முனீப் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ் நிறைய விளக்கப் புத்தகங்கள். எந்தக் கம்பனி டெக்கில் நாடாவைப் படிக்கிற தலை எத்தனை, எது சூடாகும், எது நாடாவைக் கடிக்கும் என்று படத்தோடு அச்சடித்த வழவழப்பான புத்தகங்கள். அங்கே இருந்த காலம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். முடிவெடுக்கும் முன் விசா முடிந்துவிட்டது. புத்தகங்களின் தாளைக் கிழித்து அவருடைய உம்மா அலுமாரித் தட்டுகளுக்கு விரித்தார். கட்டாரால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

கொமினிகேசன் கடைக்கும் அதே கதி. போட்டோக் கொப்பி மெசின் எது நல்லது என்று அவர் தேடிக்கொண்டிருக்கையில், எதிர்ப்பக்கத்துக் கடைக்காரன் பழைய மெசின் ஒன்றை வாங்கிப் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் வளைத்துக்கொண்டான். அந்த மெசினில் எடுத்த கொப்பி ஐந்து வருசத்தில் மங்கிவிடும் என்று முனீப் தன் கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து வருசம் முடியும் முன் பூட்டுப்பட்டது முனீபின் கடை.

கலியாணத்தை மட்டும் உம்மா அவரிடம் விடவில்லை. பெண்ணை உம்மாவே பார்த்து, உம்மாவே பேசி, நாளும் வைத்துவிட்டு வந்து, "வெள்ளிக்கிழம உனக்குக் கலியாணம், தலமயிர வெட்டிட்டு வா" என்று சொன்னதாக ஊரில் ஒரு கதை உண்டு. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நஸ்ரியாவின் வாப்பா காணியையும் கல்வீட்டையும் மகளின் பெயருக்கு எழுதினார். முனீப் அதே சூட்கேசோடு வந்து குடியேறினார். அவர் தெரிந்தெடுக்காதபடியால் அவருக்கு உருப்படியாக வாய்த்தவை அந்த வீடும் நஸ்ரியாவும்தான். அவள் பள்ளிக்கூட உடுப்புத் தைத்துத்தான் அடுப்பு எரிந்தது. ஒரே மகள் றுமானா படித்து, பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனதும் அந்தத் தையல் மெசினின் புண்ணியத்தில்தான். அந்த மெசினை வாங்கியபோதும் முனீப், "ஊசி நிக்காது பாரு" என்று சொன்னவர்தான்.

றுமானாவுக்குத் தோப்பூரில் மாப்பிள்ளை சரிவந்தது. பெயர் நிப்றாஸ். வயல்காரக் குடும்பம், பெரும்போக அறுவடை முடிந்ததும் கலியாணம் என்றார்கள். அதற்குள் மகளுக்கென்று ஒரு வீடு கூரை மட்டத்துக்காவது எழும்பியிருக்க வேண்டும். நஸ்ரியாவின் வளவில் பின்பக்கம் இடம் இருந்தது. மண்ணும் கல்லும் கொண்டுவர லொறி பேசி முடித்த கிழமைதான் பக்கீர் அத்திவாரம் வெட்டினான்.

பக்கீரின் காணி பெருவீதியோரம். நஸ்ரியாவின் காணி அதற்குப் பின்னால். வீதிக்கு வருவதென்றால் பக்கீரின் வேலியோரமாகப் போகிற ஒழுங்கையால்தான் வரவேண்டும், வேறு வழியில்லை. வீதியோரத்தில் கடை அறைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று பக்கீருக்குப் புத்தி வந்திருந்தது. அதற்கு ஒழுங்கையின் பெரும்பகுதியும் வேண்டியிருந்தது. வெட்டின கிடங்குக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் நடக்கத்தான் இடம் மிஞ்சியது.

"பக்கீர் காக்கா, என்ன இது? சைக்கிளும் போகாத மாதிரி வெட்டியிரிக்கிறீங்க?" நஸ்ரியா கிடங்குக்கு இப்பால் நின்று கேட்டாள்.

"சைக்கிள் போகும் தங்கச்சி. கொஞ்சம் சரிச்சிப் பிடிச்சாப் போகும்."

"லொறி?"

"லொறிக்கு இஞ்ச என்ன வேல? இது நடக்கிற வழி. எங்கட வாப்பா உங்கட வாப்பாக்கு இரக்கப்பட்டு உட்டது."

"அப்ப என்ட புள்ளட ஊட்டுக்கு மண்ணத் தலையிலயா சுமக்கிற?"

"அது உங்கட பாடு. நான் என்ட காணிக்குள்ளதான் கட்டுறன்."

நஸ்ரியா மத்தியஸ்த சபைக்குப் போனாள். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடுகிற சபை. காணி உறுதிப் பத்திரத்தில் 'வழியுரிமை உண்டு' என்று இருந்தது. வழி எவ்வளவு அகலம் என்று எழுதத்தான் பத்திரம் முடித்த நொத்தாரிசுக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் பக்கீரின் சொந்தக்காரர்கள். வேறு அத்தாட்சி ஏதும் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார்.

"என்ட கலியாணக் கசட் இரிக்கி," என்றாள் நஸ்ரியா. "மாப்பிள்ள ஊர்கோலம் அந்த ஒழுங்கையாலதான் வந்த. ஒழுங்க எவ்வளவு அகலம் எண்டு அதில தெரியும்."

கசட்டை இங்கே போட்டுப் பார்க்க வசதியில்லை, கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள் என்றார் தலைவர். பக்கீரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆரு மாத்துற?" என்று கேட்டான்.

"எங்கட ஊட்டுக்காரர்தான்."

"ஆ, மச்சானா? நல்லது, மச்சானே பாக்கட்டும்," என்று பக்கீர் கதிரையில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான். அன்று பின்னேரமே அத்திவாரத்தின் மேல் மதில் எழுப்ப மேசனைக் கூப்பிட்டுவிட்டான்.

கசட் அலுமாரியில் கூறைச் சேலையோடும் பூச்சி உருண்டையோடும் பத்திரமாக இருந்தது. முனீப் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை. டெக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்க ஊரில் கடைசியில் ஒரு தேவை வந்துவிட்டது.

"இதக் கண்ட கண்ட டெக்கில போட ஏலாது. நாடாவக் கடிச்சிடும். தல துப்புரவா இரிக்கணும். மத்தது, கொம்பியூட்டருக்கு மாத்துற பெட்டி. இஞ்ச விக்கிறது எல்லாம் சீன சாமான். கசட்டில படம் கொஞ்சம் நடுங்கினாக் காணும், அது பயந்து நீலத்தக் காட்டும். படத்த நடுங்காமப் புடிச்சிக் குடுக்க நடுவில இன்னொரு பெட்டி வேணும்."

"அது எங்க இரிக்கி?"

"இஞ்ச எங்கயும் இல்ல."

சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு பூரிப்பு. கிடைக்காத சாமான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இனி அவரை யாரும் அவசரப்படுத்த முடியாது.

அவர் சொன்னதெல்லாம் சரிதான் என்பதுதான் இதில் எரிச்சல். கனடாவில் இருக்கிற, அவருடைய மூத்த சகோதரி ராத்தாவின் மகன் பழைய டெக் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னபோதும், அந்த நாட்டு டெக்கில் இந்த நாட்டுக் கசட்டின் படம் ஒழுங்காக வராது என்று சொல்லித் தடுத்தார். அதுவும் சரி. போனில் வெள்ளைக்காரர்கள் செய்து காட்டும் வீடியோக்களை இரவு பகலாகப் பார்த்தார். குசினிக்குள் வந்து, சமைக்கிற நஸ்ரியாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, "பாத்தியா, இவனும் அதத்தான் சொல்றான்" என்றார். இதற்கிடையில் பக்கீரின் மதில் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

ஒரு நாள் நஸ்ரியா அவரை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் பாலம் கடந்து திருகோணமலைக்குப் போனாள். துறைமுகப் பக்கம் போகிற வீதியில் டொமினிக் என்பவரின் கடை. பழைய ரேடியோ, பழைய டீவி, ஓடாத கடிகாரம் என்று கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருப்பார். கொழுத்த மனிதர், மேசையில் சோற்றுப் பார்சலை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டெக் ஒன்றைக் காலால் முன்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி சோற்றுக்குத் திரும்பினார்.

"இது எத்தின தல?" என்றார் முனீப்.

"எத்தினை தலையோ தெரியாது நானா. வால் இல்லை. படம் வருது. காணாதா?" முஸ்லிம் ஆண்களை டொமினிக் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"எத்தின மணித்தியாலம் ஓடியிரிக்கும்?"

"அது ஓடேக்குள்ள நான் பக்கத்தில இருக்கேல்லை."

முனீப் குனிந்து டெக்கின் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "றப்பர் காஞ்சி போயிட்டு. இத வாங்குறவன் மடையன்."

"ஓம். அந்த மடையனைத்தான் நானும் கனகாலமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன்," என்றார் டொமினிக், மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி.

முனீப் வெளியே வந்து, கடற்படை முகாமின் மதிலோரம் நடந்தபடி டொமினிக்கின் அறியாமையைப் பற்றிப் பேசிக்கொண்டே பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். நஸ்ரியா கடைக்கு எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முனீப் அடுத்த வேலையைத் தொடங்கினார். கடல் காற்றில் நாடா ஈரம் இழுத்திருக்கும். ஈரத்தோடு ஓட்டினால் ஒட்டிக்கொண்டு கிழியும் என்றார். தண்ணீரில் விழுந்த போனை ஊரில் எல்லாரும் அரிசிக்குள் புதைப்பார்கள் அல்லவா? முனீப் கசட்டை அரிசி வாளிக்குள் புதைத்தார். அதுவும் புழுங்கலரிசி, ஆலையிலிருந்து நேரே வந்தது, தவிடு நீக்காதது. நஸ்ரியா சோற்றுக்கு அரிசி அள்ளப் போய்த்தான் அதைக் கண்டாள். எடுத்துக் குலுக்கினாள். உள்ளே கலகல என்றது.

"இதுக்குள்ள அரிசி போயிட்டு, றுமானாட வாப்பா."

"அது ஈரத்த இழுக்கத்தானே போட்ட."

"ஈரத்த இழுத்துப்போட்டுத் திரும்பி வெளிய வருமா?"

றுமானா கசட்டின் திருகாணிகளைக் கழற்றி, அரிசியைத் தட்டி, தவிட்டுத் தூசியை ஊதி, மீண்டும் பூட்டினாள். எல்லாத் தூசியும் போனதாகச் சொல்ல முடியாது.

சபையின் அடுத்த கூட்டத்துக்கு முனீபே போனார். கசட்டைப் பற்றித் தானே விளக்க வேண்டும் என்றார். நாடாவின் தன்மை, படம் நடுங்குவதன் காரணம், சீனப் பெட்டிகளின் குறைபாடு என்று அவர் தொடங்க, சபையில் இருந்த ஒருவர் கொட்டாவி விட்டார். பக்கீர் மட்டும் மிகவும் மரியாதையாகத் தலையாட்டி ஆட்டிக் கேட்டான். "மச்சான் சொல்றது சரி. இதுகள அவசரப்பட்டுச் செய்ய ஏலாது" என்று எடுத்தும் கொடுத்தான். தலைவர் கடைசித் தவணை ஒன்று கொடுத்து, அன்றைக்கும் அத்தாட்சி வராவிட்டால் இருக்கிறதை வைத்து முடிப்போம் என்றார். முனீப் வெற்றியோடு வந்ததுபோல் வீட்டுக்கு வந்து, தான் பேசியதை எல்லாரும் எப்படிக் கேட்டார்கள் என்று சொன்னார்.

"தவண தந்தாங்க. பாத்தியா? விளங்கப்படுத்திச் சொன்னா விளங்கும்."

"தோப்பூர்க்காரங்களுக்கும் நீங்க போய் விளங்கப்படுத்துங்க," என்றாள் நஸ்ரியா. "அறுவடை மெசின் வயலுக்குள்ள இறங்கிட்டாம்."

மறுநாள் அவள் தனியே பஸ்ஸேறினாள். டொமினிக் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நானா வரேல்லையா?"

"அவரு வந்தா உங்களுக்கு விக்க ஏலாது."

"அது உண்மைதான்," என்று சொல்லி, டொமினிக் டெக்கைப் பழைய சீலையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கொம்பியூட்டருக்கு மாற்றுகிற குட்டிப் பெட்டியை றுமானா ஏற்கெனவே இணையத்தில் வாங்கியிருந்தாள். முனீப் குப்பை என்று ஒதுக்கிய பெட்டிகளில் முதலாவது அது.

ஆனால் அவற்றைப் பொருத்துகிற வேலையை முனீப் யாரிடமும் விடவில்லை. வீட்டில் இருந்த டீவியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையைத் துடைத்து, டெக்கை ஒரு பக்கமும் மகளின் கொம்பியூட்டரை ஒரு பக்கமும் வைத்து, வயர்களைச் செருகி, கசட்டைப் போட்டார். கொம்பியூட்டரின் திரை நீலமாகியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மின்னல் போல் படம் வந்து, மறுபடி நீலமாகியது.

"நான் சொன்னனே!" என்று முனீப் கையைத் தட்டினார். "நீலத்தக் காட்டும் எண்டு நான் சொன்னேனா இல்லையா?"

தான் சொன்னபடியே எல்லாம் பழுதாகிறதைக் காண்பதில் அந்த மனிதருக்கு இருந்த சந்தோசத்தை நஸ்ரியா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அந்த வயரக் கழட்டி டீவியில குத்துங்க" என்றாள்.

"டீவியில பாத்து என்ன பிரயோசனம்? கொம்பியூட்டருக்குள்ள போகணும்."

"முதல்ல என்ட கண்ணுக்குள்ள போகட்டும்."

றுமானா வயரை டீவியில் குத்தினாள். டீவியில் படம் வந்தது. கொஞ்சம் நடுங்கினாலும் முகங்கள் தெரிந்தன. பெருவீதியில் டியூப்லைட் கட்டிய கம்புகள், ஜெனரேற்றர் சத்தம், பைத்துப் பாட்டுப் படிக்கிறவர்கள், நடுவில் தலைப்பாகையும் மாலையுமாக ஒல்லியான முனீப். ஊர்கோலம் பக்கீரின் வேலி மூலைக்கு வந்தது. ஒழுங்கைக்குள் திரும்பியது. மூவரும் கதிரை நுனிக்கு வந்தார்கள்.

அந்த இடத்தில் படம் சுழன்றது. சிவப்பு நிறத்தில் பெரிய இதயம் ஒன்று விரிந்து திரை முழுவதையும் மூடியது. இதயத்துக்குள் முனீபின் முகம். பிறகு தாமரை மலர்ந்தது, அதற்குள்ளும் முனீப். நட்சத்திரங்கள் கொட்ட, ஏதோ கடலில் சூரியன் இறங்க, சூரியனுக்குள்ளும் முனீப் சிரித்தார். எல்லாம் முடிந்து இதயம் விலகியபோது ஊர்கோலம் பந்தலுக்குள் வந்து, பெண்கள் குரவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கலியாண வீடியோவுக்கு மிக்சிங் என்று ஒன்று செய்வார்கள். பூ, இதயம், நட்சத்திரம் எல்லாம் மேலே ஒட்டுவது. அதை வீடியோக்காரனிடம் விட்டுவிட்டு வருவதுதான் எல்லாரும் செய்வது. ஒரு மாப்பிள்ளை மட்டும், கலியாணம் முடிந்த கிழமை புதுப்பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு, ஸ்டூடியோவில் நாள்கணக்காகக் குந்தியிருந்து எந்த இடத்தில் எந்தப் பூ என்று தெரிந்தெடுத்திருக்கிறார். வாழ்க்கையிலேயே முனீப் தேடி, ஒப்பிட்டு, முடிவும் எடுத்த ஒரே விசயம் அது.

"என்ட வழிய உங்கட மூஞ்சால மூடி வெச்சிரிக்கிறீங்க," என்றாள் நஸ்ரியா.

"அந்த இடத்தில சும்மா ஆக்கள் நடக்கிறதுதானே, பாக்க ஒண்டும் இல்ல எண்டு நினைச்சன்," என்றார் முனீப். உடனே தேறிக்கொண்டார். "இப்ப அதெல்லாம் எடுக்கலாம். மேல ஒட்டினத நீக்கிற சொப்ட்வெயார் இரிக்கி. எது நல்லது எண்டு பாக்கணும்."

"வாப்பா, கீழ படமே இல்ல," என்றாள் றுமானா. "அழிச்சிட்டுத்தான் ஒட்டியிரிக்கி. நீக்கினா என்ன இரிக்கும்?"

"உனக்குத் தெரியாது," என்று சொல்லிப் போனைக் கையில் எடுத்தார் முனீப். கொஞ்ச நேரத்தில் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். அங்கேயும் யாரிடமாவது அந்த சொப்ட்வெயாரைப் பற்றிக் கேட்டிருப்பார்.

கசட் ஓடிக்கொண்டேயிருந்தது. நிற்பாட்ட நஸ்ரியாவுக்கு எழும்ப மனமில்லை. சாப்பாடு, சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி இருக்கிற ஆண்கள், கமெராவைக் கண்டு முந்தானையால் முகத்தை மூடுகிற பெண்கள். அதுவும் முடிந்தது. இனி வெறும் புள்ளிகள்தான் வரும் என்று நினைத்தபோது பகல் வெளிச்சம் வந்தது. மறுநாள் காலை. ஆட்கள் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோழி. வாளி கழுவுகிற பெண். கோழி மறுபடியும்.

நஸ்ரியாவின் வாப்பா காசு விசயத்தில் கறாரான ஆள். முழுக் கசட்டுக்குக் காசு வாங்கினால் முழுக் கசட்டும் ஓட வேண்டும் என்று வீடியோக்காரனோடு சண்டை பிடித்து, மறுநாளும் அவனை வரவழைத்திருந்தார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அவனும் வெறுப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து நாடாவை முடித்திருக்கிறான். அதற்கு யாரும் பூ ஒட்டவில்லை.

வாடகைக் கதிரைகள் ஏற்றிய ட்ரக்டர் ஒன்று இழுவைப் பெட்டியோடு ஒழுங்கையால் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம். வேலியில் சாய்ந்து நிற்கிற ஆட்கள் ஒதுங்கவுமில்லை. ட்ரக்டருக்குப் பின்னால் சாரனை மடித்துக் கட்டிய இளந்தாரி ஒருவன் கையாட்டிக் கையாட்டி வழி காட்டினான். பக்கீர்.

"வா, வா, வா... ஒடி... இன்னும் வா. என்னடா பயப்படுற? நேத்து சோத்துக் கிடாரம் கொண்டு வந்த லொறியே இதாலதான்டா வந்த. உன்ட ட்ரக்டர் போகாதா?"

"உம்மா!" என்றாள் றுமானா.

"பின்னுக்கு ஓட்டு. மெதுவா. போனை எடு. டீவிக்கு நேர புடி. கை நடுங்கப்படாது."

மகள் போனைப் பிடிக்க, தாய் மின்விசிறியை நிற்பாட்டி, யன்னலைச் சாத்தி, டீவியின் சத்தத்தைக் கூட்டினாள். முதல்முறை வெளியே ஓட்டோ ஒன்று கத்தியது. மறுபடி எடுத்தார்கள். இந்தமுறை லொறி என்ற சொல் சுத்தமாக விழுந்தது.

முனீப் திரும்பி வந்தபோது இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் அவருடைய முகம் விழுந்தது.

"போனால டீவியப் புடிச்சதா? ஓரமெல்லாம் வளைஞ்சிரிக்கும். நிறம் பிழைக்கும். இதச் சபையில காட்டுறது வெக்கம்."

"வெக்கத்த நான் படுறன்."

"முதல்ல அந்த இதயம் வாற இடத்த நான் ஒருக்காப் பாக்கணும்," என்று சொல்லி, படம் ஓடும்போதே கசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். அப்படி ஓட்டக்கூடாது என்று அவரே கிழமைக்கணக்காகச் சொல்லி வந்தவர். உள்ளே தவிடு கிடந்ததோ, றப்பர்தான் காய்ந்து கிடந்ததோ, டெக் ஒருமுறை முனகியது. பிறகு நாடாவைக் கசக்கி விழுங்கத் தொடங்கியது. இதயத்துக்குள் இருந்த முனீபின் முகம் நீண்டு, கோணி, கோடுகளாகி மறைந்தது. றுமானா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

நஸ்ரியா எட்டிப் பார்த்தாள். அவளுடைய கலியாணம் டெக்கின் வாயில் கறுப்பு நூடில்ஸ்போல் தொங்கிக்கொண்டிருந்தது. "போனதுக்கென்ன," என்று சொல்லி, கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சபையில் போனை மேசைமீது நிறுத்தி வைத்து அவளே ஓட்டிக் காட்டினாள். நிறம் நீலம் பாய்ந்திருந்தது. ஓரம் வளைந்துதான் இருந்தது. அதைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பக்கீர் முதலில் அது தானில்லை என்றான். சத்தத்தைக் கூட்டினாள். லொறி என்று அவனுடைய குரலே சொன்னது. சபையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் விட்டது என்றான். முந்திய நாள் சோறு வந்தது எப்படி என்று தலைவர் கேட்டார். கட்டின மதிலை உடைத்து, லொறி போகிற அகலத்துக்கு ஒழுங்கையை விட்டு, உள்ளுக்குத் தள்ளிக் கட்டுவதாக இணக்கம் எழுதப்பட்டது. பக்கீர் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "தங்கச்சி, உண்மையச் சொல்லு. இத மச்சானா எடுத்த?" என்று கேட்டான்.

"இல்ல."

"அதானே! மச்சான் பொறுப்பெடுத்தாரு எண்டதாலதான் நான் மேசனுக்கு அட்வான்ஸே குடுத்த. கல்லும் போச்சி, சீமெந்தும் போச்சி." தன்னை யாரோ நம்பவைத்து ஏமாற்றிவிட்டதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு போனான். ஒழுங்கையைக் களவெடுக்கப் பார்த்தவனுக்கும் பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

முனீப் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்டு, போன் படத்தை வைத்து முடிவெடுக்கிற சபையின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். மதில் உடைபட்டு முடிந்த நாள் டெக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்குள் வெளிச்சம் போதாதாம். உடைத்த மதிலின் கற்களை அள்ளித் துப்புரவாக்கியிருந்த ஒழுங்கையின் நடுவில் கதிரையும் ஸ்டூலும் போட்டு, டெக்கின் மூடியைக் கழற்றி, கசங்கின நாடாவை மடியில் குவித்துக்கொண்டு குந்தினார். ஆணிகளையெல்லாம் ஒரு தாளில் வரிசையாகப் பரப்பி வைத்தார். போகிறவர் வருகிறவரிடம், டொமினிக்கிடம் வாங்கினதால் வந்த வினை இது என்று சொன்னார்.

அந்த நேரம்தான் முதல் லொறி மண்ணோடு வந்தது. வீதியில் நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் பின்பக்கமாக ஒழுங்கைக்குள் திரும்பியது. நஸ்ரியா வாசலுக்கு வந்தாள்.

"எழும்புங்க, லொறி வருது."

"ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லு. இந்த ஆணியெல்லாம் ஒழுங்கா வெச்சிரிக்கன். மாறினா மறுகா பூட்ட ஏலாது."

சாரதி கண்ணாடியில் அவரைக் கண்டு பிறேக்கை அழுத்தித் தலையை வெளியே நீட்டினான். "என்ன ராத்தா செய்ற? நிக்கவா?"

"நிக்க வேணாம், நீங்க வாங்க தம்பி," என்றாள் நஸ்ரியா. "அவரு எழும்புவாரு."